ஒரு கடையில் திறக்கிறது. அடுத்த கடையில் திறக்கவில்லை!

இன்டர்நெட்டில் முகவரி சொல்லும் "வழிகாட்டி" தடுமாறினால் என்ன செய்வது?

மணி மாலை 5.

கல்லூரிக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவு 12 மணி அடித்தால் கதவு மூடிவிடும்.

அவலூர்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பிளஸ்-2 முடித்த பெண் ஒருத்தி அப்பாவுடன் வந்து நிற்கிறாள். மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் கையில் தயாராக இருக்கின்றன.

கடைக்காரர் இணையதளத்தின் பெயரை அடிக்கிறார். திரையில் சக்கரம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" என்று வருகிறது.

மறுபடியும் அடிக்கிறார். மறுபடியும் அதே பதில்.

"சைட் டவுன்மா. சென்னையிலேயே ஏதோ ரிப்பேர் போல. நாளைக்கு வந்து பாரு" என்கிறார் கடைக்காரர்.

"நாளைக்கா? இன்னிக்குத்தான் கடைசி நாள் அண்ணா!" என்கிறாள் அவள். கண் கலங்கிவிட்டது.

அப்பா என்ன செய்வார்? கழனியில் மணிலா பிடுங்குகிற வேலையைப் பாதியில் விட்டு வந்தவர் அவர். "வாம்மா, நம்ம நேரம் அப்படி" என்று சொல்லிக்கொண்டு படி இறங்குகிறார்.

அதே கடைத்தெருவின் மறு கோடியில் இன்னொரு கடை. அங்கே வேறு கம்பெனியின் இன்டர்நெட். அங்கே அதே இணையதளம் பளிச்சென்று திறக்கிறது! ஒரு மாணவன் விண்ணப்பத்தை முடித்து, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறான்.

இது அவலூர்பேட்டையில் மட்டும் நடக்கக்கூடியது அல்ல. இன்டர்நெட் உள்ள எந்த ஊரிலும், எந்த நாளிலும் நடக்கக்கூடியது.

இணையதளம் கெடவில்லை. சென்னையில் ரிப்பேர் எதுவும் இல்லை. முதல் கடையின் லைன்கூட அறுந்துபோகவில்லை.

பிறகு எதில் கோளாறு?

முகவரி சொல்லும் வழிகாட்டியில்தான் கோளாறு!

பெயர் நமக்கு, எண் இயந்திரத்துக்கு

போனில் "மாமா" என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பெயரைத் தொட்டால் மாமா பேசுகிறார். ஆனால் போனுக்கு மாமாவைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அவருடைய நம்பர் மட்டுமே. மாமா நம்பரை மாற்றிவிட்டு நம்மிடம் சொல்லாவிட்டால், பெயர் இருந்தும் பயன் இல்லை.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான்.

ஒவ்வொரு இணையதளமும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் குடியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஓர் எண் உண்டு. 8.8.8.8 என்பது போல, இடையில் புள்ளி வைத்து நான்கு எண்களாக எழுதுவார்கள். அதுதான் கதவு எண்.

இத்தனை எண்களை மனிதன் நினைவில் வைக்க முடியுமா? முடியாது. ஆகையால் நாம் பெயரை அடிக்கிறோம். பெயரை எண்ணாக மாற்றித் தர ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு "டொமைன் நேம் சிஸ்டம்" என்று பெயர். சுருக்கமாக "டி.என்.எஸ்." என்பார்கள்.

இந்த வேலையைச் செய்யும் கம்ப்யூட்டரைத்தான் "வழிகாட்டி" என்கிறோம்.

கல்யாண வீட்டுக்கு வழி

வழிகாட்டி எப்படி வேலை செய்கிறது?

சென்னைக்காரர் ஒருவர் அவலூர்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்கு வரவேண்டும். அவர் இந்தப் பக்கமே வந்தது இல்லை. "அவலூர்பேட்டை, மேல்மலையனூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்" என்று பத்திரிகையில் இருக்கிறது.

சென்னை பஸ் நிலையத்தில் கேட்கிறார். "அந்த ஊர் எனக்குத் தெரியாது. விழுப்புரம் மாவட்டம் என்றால், திண்டிவனம் போய்க் கேளுங்கள்" என்கிறார்கள்.

திண்டிவனத்தில் கேட்கிறார். "செஞ்சிக்குப் போங்கள். தேசிங்கு ராஜா கோட்டை இருக்கிறதே, அந்த ஊர். அங்கே சொல்வார்கள்" என்கிறார்கள்.

செஞ்சியில் கேட்கிறார். "அதோ நிற்கிறதே, அந்த பஸ்" என்று கை காட்டுகிறார்கள்.

அவலூர்பேட்டையில் இறங்கிக் கேட்டால், கல்யாண வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்!

முழு வழியும் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரும் அடுத்த ஆளைக் காட்டினார்கள். கடைசி ஆள் வீட்டைக் காட்டினார்.

டி.என்.எஸ். ஏற்பாடும் இதேதான். தமிழ்நாடு அரசின் இணையதளத்துக்கு "டி.என். டாட் கவ் டாட் இன்" என்று பெயர். தபால்காரர் முகவரியைக் கடைசி வரியிலிருந்து பார்ப்பதுபோல, வழிகாட்டியும் பெயரைக் கடைசியிலிருந்து பார்க்கும்.

முதலில் "வேர்" கம்ப்யூட்டரிடம் கேட்கும். "இன் என்று முடிகிறதா? அது இந்தியா. இந்தியப் பட்டியல் வைத்திருப்பவரிடம் கேள்" என்று அது சொல்லும். அவர், "கவ் என்றால் அரசாங்கம். அந்தப் பட்டியலைக் கேள்" என்பார். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் இடம் தெரியும். கடைசியில் எண் கிடைக்கும்.

வேர்க் கம்ப்யூட்டர்களுக்கு உலகத்தில் மொத்தம் 13 பெயர்கள்தான். 12 அமைப்புகள் அவற்றை நடத்துகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பல நகல்கள் உண்டு. உலகம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நகல்கள் வேலை செய்கின்றன. சென்னையிலும் இருக்கின்றன.

இவ்வளவு அலைச்சலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்!

அலைவது நம் போன் அல்ல. நமக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி ஒரு வழிகாட்டி கம்ப்யூட்டரை வைத்திருக்கிறது. அதுதான் நமக்காக அலைகிறது. கம்பெனி வேறு என்றால் வழிகாட்டியும் வேறு.

இதை மறக்காதீர்கள். கடைத்தெருவில் நடந்த மாயத்தின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

ஒரே நோட்டில் உலகம்!

ஒரு காலத்தில் இவ்வளவு வழிகாட்டிகள் இல்லை.

1970-களில் அமெரிக்காவில் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான வலை ஒன்று இருந்தது. அதில் இணைந்த கம்ப்யூட்டர்கள் மிகவும் குறைவு. எல்லாவற்றின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் அடங்கின.

கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் அந்தப் பட்டியலை வைத்திருந்தது. எலிசபெத் பைன்லர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் அதைப் பராமரித்தார்கள். புதிய கம்ப்யூட்டர் வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர்கள் பெருகின. பட்டியல் நீண்டது. பிரதி எடுப்பதற்குள் அது பழசாகிவிட்டது.

அப்போது இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஜான் போஸ்டல். முகவரி வேலைக்குப் பொருத்தமான பெயர்தான்! அவர், பால் மொகபெட்ரிஸ் என்ற இளம் நிபுணரிடம் ஏற்கனவே வந்த யோசனைகளைக் கொடுத்து, "இவற்றை வைத்து ஒரு வழி சொல்" என்றார். மொகபெட்ரிஸ் அந்த யோசனைகளை ஒதுக்கி வைத்தார். தாமே புதிதாக ஒன்றைச் செய்தார். 1983-ல் அது வெளிவந்தது. அதுதான் டி.என்.எஸ்.

"ஒருவரே எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டாம். அவரவர் தெருவை அவரவர் எழுதி வைக்கட்டும்" என்பதே அதன் சாரம்.

இந்தியாவில் 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் கொடுத்தது. அப்போது அது ஒன்றுதான். 1998-ல் தனியாரும் வரலாம் என்று கதவு திறந்தது. கம்பெனிகள் பெருகின. வழிகாட்டிகளும் பெருகின.

பல வழிகாட்டிகள் இருப்பது நல்லது. ஒன்று படுத்தால் எல்லாம் படுக்காது. ஆனால் அதில் ஒரு தொல்லையும் உண்டு. எல்லா வழிகாட்டிகளும் எப்போதும் ஒரே பதிலைச் சொல்வதில்லை!

வழிகாட்டி தடுமாறுவது ஏன்?

இதற்குக் காரணங்கள் பல.

ஒன்று: பழைய நினைவு. ஒரே பெயரை ஆயிரம் பேர் கேட்டால், ஆயிரம் முறை அலைய முடியுமா? ஆகையால் ஒரு முறை கிடைத்த பதிலை வழிகாட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதையும் தளத்துக்காரரே பதிலோடு சொல்லி அனுப்புவார். சிலர் 300 வினாடி என்பார்கள். சிலர் 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள் என்பார்கள்.

இதற்கிடையில் இணையதளம் வேறு கம்ப்யூட்டருக்குக் குடிமாறிவிட்டால்? நேற்றுக் கேட்ட வழிகாட்டி பழைய வீட்டைக் காட்டும். இன்று கேட்ட வழிகாட்டி புதிய வீட்டைக் காட்டும். ஒரு கடையில் திறக்கும். ஒரு கடையில் திறக்காது.

"அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதிலையும் வழிகாட்டி கொஞ்ச நேரம் நினைவில் வைக்கும். தளம் சரியான பிறகும் சில நிமிடம் "இல்லை, இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டு: தபால் கார்டு தொலைவது. வழிகாட்டியிடம் போகும் கேள்வி பெரும்பாலும் தபால் கார்டு போன்றது. பதிவுத் தபால் அல்ல. வழியில் தொலைந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பதில் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடியும் கேட்க வேண்டும். லைன் மோசமாக இருந்தால் கார்டுகள் அடிக்கடி தொலையும். "ஒரு சமயம் திறக்கிறது, ஒரு சமயம் திறக்கவில்லை" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்று: வீட்டுப் பெட்டி. வீட்டில் விளக்கு மினுக்கும் "ரவுட்டர்" பெட்டி இருக்கிறது அல்லவா? நம் போன் முதலில் அதைத்தான் கேட்கும். அது கம்பெனியின் வழிகாட்டியைக் கேட்கும். பல நாள் ஓய்வு இல்லாமல் ஓடினால் அதுவும் தடுமாறும்.

நான்கு: இரண்டு முகவரி. பழைய வகை எண்கள் மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகத்துக்குப் போதவில்லை. ஆகையால் நீளமான புதிய வகை எண் வந்தது. பல தளங்களுக்கு இரண்டும் உண்டு. புதிய வாசல் பூட்டிக் கிடந்து, பழைய வாசல் திறந்திருக்கலாம். ஒரு கம்பெனி ஒரு வாசலுக்கும், மற்றொரு கம்பெனி மற்ற வாசலுக்கும் அழைத்துப் போகும்.

ஐந்து: தடை. அரசு உத்தரவுப்படியோ கோர்ட்டு உத்தரவுப்படியோ சில தளங்களை மூடும்படி கம்பெனிகளிடம் சொல்வது உண்டு. சில கம்பெனிகள் வழிகாட்டியின் வாயை மூடி அதைச் செய்கின்றன. சில கம்பெனிகள் வேறு முறையில் செய்கின்றன. இந்தியாவின் 6 கம்பெனிகளை ஆராய்ந்து 2020-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கம்பெனிக்குக் கம்பெனி தடுக்கும் முறையும் வேறு, தடுக்கப்பட்ட தளங்களும் வேறு என்று அது கூறியது. இது கோளாறு அல்ல; தடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆறு: மறதி! இணையதளத்தின் பெயருக்கு அவ்வப்போது கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். 1999-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் கம்பெனியே இப்படி மறந்துவிட்டது! அதனால் ஹாட்மெயில் தபால் சேவை தடுமாறியது. மைக்கேல் சேனி என்ற அமெரிக்கர் காரணத்தைக் கண்டுபிடித்தார். தம் கைப்பணம் 35 டாலரைக் கட்டினார். சேவை சரியாகிவிட்டது. உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனிக்கு ஒரு சாதாரண மனிதர் வாடகை கட்டிய கதை இது!

உலகமே தவித்த நாட்கள்

வழிகாட்டி தடுமாறினால் என்ன ஆகும் என்பதை உலகம் பல முறை பார்த்துவிட்டது.

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி இரவு. மணி 9 தாண்டியது. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் திடீரென்று நின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் மகனோடு பேசிக்கொண்டிருந்த தாய்மார்கள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

நடந்தது என்ன? பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்தக் கம்பெனியின் உள்வலையையே துண்டித்துவிட்டது. அதனால் அதன் முகவரியைச் சொல்லும் கம்ப்யூட்டர்களும் உலகத்தின் பார்வையிலிருந்து மறைந்தன. கல்யாண வீட்டுக்கு வழி சொல்ல வேண்டிய கடைசி ஆள் காணாமல் போய்விட்டார்! எந்தக் கம்பெனி வழிகாட்டி கேட்டாலும் பதில் இல்லை. சரியாக சுமார் 6 மணி நேரம் பிடித்தது.

2025-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி நடந்தது இதற்கு நேர் எதிர். அன்று அதிகாலை 3.22 மணிக்கு "1.1.1.1" என்ற புகழ்பெற்ற பொது வழிகாட்டி நின்றது. 62 நிமிடம் கழித்துத்தான் எழுந்தது. இணையதளங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த வழிகாட்டியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு உலகமே இருண்டுவிட்டது. வேறு வழிகாட்டியைக் கேட்டவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி, தீபாவளி அன்று பகல் 12 மணிக்கு மேல் இன்னொரு விபத்து. அமேசான் கம்பெனி பல நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடுகிறது. அமெரிக்காவில் உள்ள அதன் ஒரு முக்கியச் சேவையின் முகவரி, தானாக இயங்கும் ஏற்பாட்டில் ஏற்பட்ட பிழையால் அழிந்துவிட்டது. பெயர் இருந்தது, எண் இருக்கவேண்டிய இடம் காலி! அதை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் உலகம் முழுவதும் தடுமாறின. முகவரி சுமார் இரண்டரை மணி நேரத்தில் சரியானது. ஆனால் பின்விளைவுகள் அடங்குவதற்கு நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது.

இந்த நாட்கள் சொல்லும் பாடம் ஒன்றுதான்.

எல்லா இடத்திலும் திறக்கவில்லை என்றால், கோளாறு தளத்துக்காரர் பக்கம். ஓர் இடத்தில் திறந்து மற்றோர் இடத்தில் திறக்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நம் பக்கம்.

கோளாறு எங்கே? கண்டுபிடியுங்கள்!

"சைட் டவுன்" என்று சொல்வதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

முதலில் பெயரைச் சரியாக அடித்தோமா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே திறக்கவில்லையா? லைன் அல்லது வழிகாட்டி கெட்டிருக்கிறது. மற்றவை திறந்து இது மட்டும் திறக்கவில்லையா? அடுத்த சோதனைக்குப் போங்கள்.

வேறு கம்பெனி சிம் உள்ள போனை வாங்குங்கள். வைபையை அணைத்துவிட்டு, அந்த சிம்மிலேயே தளத்தைத் திறந்து பாருங்கள். இதுதான் தலையாய சோதனை! அதில் திறந்தால் தளம் உயிரோடு இருக்கிறது. அந்தப் போனிலிருந்தே "ஹாட்ஸ்பாட்" மூலம் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுத்து வேலையை முடித்துவிடலாம். ரிப்பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரையில் வந்த வாசகத்தைப் படியுங்கள். அதில் "டி.என்.எஸ்." என்ற மூன்று எழுத்து இருந்தால், திருடன் கைரேகையை விட்டுப் போன மாதிரிதான்.

ரவுட்டர் பெட்டியை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். போனில் "ஏரோபிளேன் மோடு" போட்டு எடுங்கள். அவற்றின் பழைய நினைவு பெரும்பாலும் அழிந்துவிடும்.

கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி போகலாம். கருப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, "பிங்" என்ற கட்டளையால் 8.8.8.8 என்ற எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். எண்ணிலிருந்து பதில் வந்து, பெயருக்குப் பதில் வராவிட்டால், ரோடு நன்றாக இருக்கிறது, வழிகாட்டிதான் தூங்குகிறது என்று அர்த்தம். "என்.எஸ்.லுக்கப்" என்ற கட்டளை கொடுத்தால், எந்த வழிகாட்டி என்ன பதில் சொல்கிறது என்பதே தெரிந்துவிடும்.

வேறு ஆளைக் கேளுங்கள்

கம்பெனியின் வழிகாட்டி அடிக்கடி தடுமாறினால் வேறு வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பணம் இல்லை.

கூகுள் கம்பெனி 2009-ல் பொது வழிகாட்டி ஒன்றைத் தொடங்கியது. அதன் எண் 8.8.8.8. கிளவுட்பிளேர் கம்பெனி 2018-ல் தொடங்கியதுதான் 1.1.1.1.

ரவுட்டர் பெட்டியின் அமைப்பில் "டி.என்.எஸ்." என்ற இடத்தில் இந்த எண்களை எழுதலாம். ஒன்றை முதலாவதாகவும், மற்றொன்றை இரண்டாவதாகவும் எழுதுவது நல்லது. ஒன்று தூங்கினால் மற்றொன்று கை கொடுக்கும். 2025 ஜூலையில் தவித்தவர்கள் கற்ற பாடம் இது!

2018-க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் "செட்டிங்ஸ்" போய், நெட்வொர்க் பகுதியில் "பிரைவேட் டி.என்.எஸ்." என்று பாருங்கள். அதில் எண்ணை எழுதக் கூடாது; வழிகாட்டியின் பெயரை எழுத வேண்டும். கூகுள் வழிகாட்டிக்கு "டி.என்.எஸ். டாட் கூகுள்" என்று பெயர். ஐபோனில் வைபை அமைப்புக்குள் "கான்பிகர் டி.என்.எஸ்." என்று இருக்கும்.

பொது இடங்களில் இலவச வைபை வேலை செய்யாவிட்டால், இந்த அமைப்பை மறுபடியும் "ஆட்டோமேட்டிக்" என்று மாற்றிவிடுங்கள். சில இடங்களில் அந்த இடத்து வழிகாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

கம்பெனியிடம் புகார் செய்யவும் தயங்காதீர்கள். செல்போன் இன்டர்நெட் என்றால் 198-க்குப் போன் செய்யலாம். "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தளம், எத்தனை மணிக்கு, வேறு கம்பெனியில் திறந்ததா என்று மூன்றையும் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி சொல்வதாக வரும் திருடன்

ஓர் எச்சரிக்கை!

வழிகாட்டி தவறான வீட்டைக் காட்டினால் என்ன ஆகும்? பேங்க் என்று நினைத்துத் திருடன் வீட்டுக்குள் நுழைந்துவிடுவோம்.

இப்படி உண்மையிலேயே நடந்தது. ஒரு மோசடிக் கும்பல், கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டு புரோகிராம் ஒன்றைப் புகுத்தி, வழிகாட்டியின் எண்ணை ரகசியமாக மாற்றியது. சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் அதன் வலையில் விழுந்தன. 2011 நவம்பரில் அமெரிக்க எப்.பி.ஐ. போலீசார் அந்தக் கும்பலின் கதையை வெளியிட்டனர். கும்பலைச் சேர்ந்தவர்கள் பிடிபட்டார்கள்.

பிறகு ஒரு சங்கடம்! திருட்டு வழிகாட்டியை உடனே நிறுத்தினால், அதை நம்பியிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு இன்டர்நெட்டே நின்றுவிடும். ஆகவே அதற்குப் பதிலாக நல்ல வழிகாட்டிகளை வைத்து, 2012 ஜூலை 9-ந்தேதி வரை நடத்தினார்கள். அதற்குள் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொள்ளும்படி மக்களுக்குச் சொன்னார்கள்.

ஆகையால், பெயர் தெரியாத யாரோ சொல்லும் எண்ணை டி.என்.எஸ். இடத்தில் எழுதாதீர்கள். "உங்கள் நெட்டைச் சரி செய்கிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது, வழி கேட்கப்படும் ஆளுக்குத் தெரியும். நம்பத் தகுந்தவரிடமே வழி கேளுங்கள்.

இன்னும் ஏழு மணி நேரம்!

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்பி வருவோம்.

மணி மாலை 5. கதவு மூட இன்னும் 7 மணி நேரம் இருக்கிறது. தளம் நன்றாக இருக்கிறது. சான்றிதழ்கள் கையில் இருக்கின்றன. அப்பாவின் சட்டைப் பையில் வேறு கம்பெனி சிம் போட்ட போன் ஒன்றும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு ஆளைக் கேட்டுப் பார்" என்ற ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் கம்ப்யூட்டர் கடைக்காரர். கிராமத்தில் இன்று விண்ணப்பம், பட்டா, பென்ஷன் எல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போகின்றன. அவர் "சைட் டவுன்" என்றால் ஊரே வீட்டுக்குப் போய்விடும். அவர் ஐந்து நிமிடம் சோதித்தால் ஒரு பெண்ணின் படிப்பு பிழைக்கும்.

தளம் நடத்துகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. குடிமாறுவதற்கு முன் நினைவு நேரத்தைக் குறைத்து வைக்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்திய வாரத்தில் குடிமாறவே கூடாது!

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். வழிகாட்டி தூங்கினாலும், விழித்துக்கொள்ள அதற்கு ஒரு நாள் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு வந்த சென்னைக்காரர், திண்டிவனத்தில் ஒருவர் "தெரியாது" என்று சொன்னவுடன் ஊருக்குத் திரும்பிவிட்டாரா? இல்லையே! பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டார்.